பழுது வீதத்தை அளக்கும் முறைக்குப் பேட்டன்ட் மறுக்கப்பட்டால்: மேன்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பொறியியலாளர்களுக்குப் பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில். மொரட்டுவையில் இறுதியாண்டுத் திட்டம் முடித்தவர்கள், தெகிவளையில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்கள், ஜெனரேற்றர் பராமரிப்பவர்கள் என்று பலர் வருவார்கள். அவர்களில் நிறையப் பேர் கொண்டுவருவது ஒரே சாயலில் உள்ள யோசனை: ஏதோ ஓர் இயந்திரம் எவ்வளவு அடிக்கடி பழுதாகிறது என்பதைச் சரியாக அளக்க ஒரு வழி. அது வெளிநாட்டில் மறுக்கப்பட்டதும் கேட்கும் கேள்விகளும் ஒரே சாயல்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணம் இல்லாமல் இதைப் பேசுவது கஷ்டம். ஆகவே ஒரு கற்பனை விண்ணப்பத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவை ஒட்டி ஓர் அடுக்குமாடி. உப்புக் காற்றில் லிஃப்ட் கதவின் உருளைகள் துருப்பிடித்து, கதவு பாதி மூடித் திரும்பத் திறக்கிறது. இந்தப் பழுதின் வீதத்தை அளக்கும் முறைக்கு ஒரு குழு ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தது, அங்கே மறுத்துவிட்டார்கள். கீழே "கதவு விண்ணப்பம்" என்று வருவதெல்லாம் இதுதான்.

பழுது வீதம் என்றால் எத்தனை தரம் பழுதானது என்பதுதானே? அதை எண்ண என்ன கண்டுபிடிப்பு வேண்டிக்கிடக்கு?

எண்ணிக்கை பாதிதான்; அதை எதனால் வகுக்கிறோம் என்பது மற்றப் பாதி. வருடத்தில் ஆறு தரம் கதவு சிக்கிய லிஃப்ட் நல்லதா கெட்டதா? நாளுக்கு ஐம்பது தரம் கதவு திறக்கும் நாலு மாடிக் கட்டடம் என்றால் மோசம். நாளுக்கு ஆயிரம் தரம் திறக்கும் இருபது மாடிக் கட்டடம் என்றால் பரவாயில்லை. ஓடிய மணித்தியாலத்தால் வகுப்பதா, கதவு திறந்து மூடிய தடவைகளால் வகுப்பதா என்பதிலேயே விடை மாறிவிடும். இலத்திரனியல் பாகங்களுக்கு ஃபிட் என்று ஓர் அலகு உண்டு: 100 கோடி மணித்தியாலத்துக்கு ஒரு பழுது. எம்டிபிஎஃப், அதாவது இரு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம், இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வது. அது 10 லட்சம் மணித்தியாலம் என்று ஒரு பெட்டியில் அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டி 114 வருடம் உழைக்கும் என்று அர்த்தமில்லை. அப்படி 1,000 பெட்டிகளை ஒரு வருடம் இடைவிடாமல் ஓடவிட்டால் சுமார் ஒன்பது பழுதாகும், அவ்வளவுதான். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம் என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், எதைப் பழுது என்று கொள்வது. கதவு திரும்பத் திறந்தது துருவாலா, யாரோ அவசரத்தில் கால் வைத்ததாலா? இரண்டையும் ஒன்றாக எண்ணினால் வரும் எண் எதற்கும் உதவாது. கதவு விண்ணப்பக் குழு இங்கேதான் உண்மையில் மூளையைப் பாவித்திருந்தது. ஒருவர் தடுத்தால் கதவு மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சட்டென்று ஏறும், ஏறும் இடமும் ஒவ்வொரு தரமும் வேறு. உருளை இறுகினால் அது மெதுவாக ஏறும், அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஏறும். இந்த வித்தியாசத்தை வைத்து அவர்கள் பழுதைப் பிரித்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பல இடங்களில் திரும்ப வரும்.

சோதனைக் காலத்தில் ஒரு பழுதும் வரவில்லை. வீதம் பூச்சியம் என்று போடலாமா?

போடக்கூடாது. புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது: பழுதே இல்லாமல் n தடவை ஓடியிருந்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ 3/n. கதவு 3,000 தரம் சிக்காமல் மூடியது என்றால், உண்மையான வீதம் ஆயிரத்துக்கு ஒன்று வரை இருக்க இடமுண்டு.

விண்ணப்பத்தில் "10 லட்சம் தடவைக்கு ஒரு பழுதுக்கும் குறைவு" என்று எழுத ஆசை வரும். அதைக் காட்ட 30 லட்சம் தடவை பழுதின்றி ஓட்டவேண்டும். நாளுக்கு ஆயிரம் தரம் திறக்கும் ஒரே லிஃப்ட்டில் அதற்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். மறுப்பை எதிர்த்துப் போனால் அதைக் கேட்கும் ஐரோப்பிய அலுவலகத்தின் மேன்முறையீட்டுச் சபையில் இருப்பவர்களில் பெரும்பான்மை பொறியியல், அறிவியல் படித்தவர்கள். இந்தக் கணக்கை அவர்களும் போடுவார்கள்.

அக்கா, இது வெறும் வகுத்தல் கணக்கு. கணக்குக்குப் பேட்டன்ட் இல்லை என்றுதானே சட்டம்?

கணக்குக்கு மட்டும் என்றால் இல்லை. ஐரோப்பியப் பேட்டன்ட் உடன்படிக்கையின் 52ஆம் உறுப்புரை கணித முறைகள், மனதால் செய்யும் செயல்கள், வணிக முறைகள், கணினி நிரல்கள், தகவலைக் காட்டும் முறைகள் ஆகியவற்றை விலக்குகிறது. ஆனால் அதே உறுப்புரை, இந்த விலக்கு அவற்றைத் தனியே கோரினால்தான் பொருந்தும் என்றும் சொல்கிறது. ஒரு பொருளோடு, ஓர் இயந்திரத்தோடு பிணைந்து கணக்கு வேலை செய்தால் வாசல் அடைபடுவதில்லை.

கதவு விண்ணப்பத்தின் முதல் கிளெய்ம், அதாவது "இதுதான் எங்களுடையது" என்று எல்லை போடும் வாசகம், இப்படி இருந்தது: பழுதுப் பதிவுகளைப் பெறுதல், கதவு திறந்த தடவைகளைப் பெறுதல், முன்னதைப் பின்னதால் வகுத்தல், விடையைத் திரையில் காட்டுதல். மோட்டார் இல்லை, மின்னோட்டம் இல்லை. கால் வைத்ததையும் துருவையும் பிரித்த அந்த நல்ல யோசனை விவரணத்தின், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியின், நடுவில் ஒரு பந்தியில் ஒளிந்திருந்தது.

கணினியில்தானே ஓடுது? கணினி இருந்தாலே அது தொழில்நுட்பம் இல்லையா?

முதல் தடையைத் தாண்ட அது போதும். "கணினியால் செய்யப்படும் முறை" என்று எழுதிவிட்டால் ஐரோப்பாவில் 52ஆம் உறுப்புரையின் கீழ் பொதுவாக மறுக்கமாட்டார்கள். மறுப்பு அடுத்த கட்டத்தில் வரும்: இதில் எளிதில் தோன்றாத கண்டுபிடிப்பு எங்கே?

அங்கே பாவிப்பது டி 641/00 என்ற வழக்கில் உருவான அணுகுமுறை. கைத்தொலைபேசி சிம் அட்டை சம்பந்தமான அந்த வழக்கை கொம்விக் என்பார்கள். கிளெய்மில் உள்ளவற்றை அது இரண்டாகப் பிரிக்கும். தொழில்நுட்ப விளைவுக்கு உதவும் அம்சங்கள் ஒரு பக்கம், உதவாதவை மறுபக்கம். உதவாதவை எவ்வளவு கெட்டித்தனமானவையாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. இன்னும் மோசம், அவற்றைப் பொறியியலாளரிடம் கொடுத்த வேலைக்குறிப்பு போலக் கருதலாம். அப்போது கேள்வி இப்படி ஆகிவிடும்: "இந்தச் சூத்திரத்தைக் கணினியில் ஓடவை என்று சொன்னால், ஒரு சாதாரண நிரலாளருக்கு அது கஷ்டமா?" பதில் உங்களுக்கே தெரியும்.

அளத்தல் என்றால் தொழில்நுட்பம் என்று வாசித்தேன். நாங்களும் அளக்கத்தானே செய்கிறோம்? பிறகு ஏன் மறுத்தார்கள்?

நல்ல கேள்வி. மொத்த மேன்முறையீடும் பெரும்பாலும் இதில்தான் நிற்கும். கட்டடத்துக்குள் மனிதர் நடமாட்டத்தைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் ஒரு விண்ணப்பம் தொடர்பில், ஐரோப்பாவின் விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபை 2021 மார்ச்சில் ஜி 1/19 என்ற முடிவைத் தந்தது. அளவீடு தொழில்நுட்பத் தன்மை உள்ளதுதான், ஏனென்றால் தொடக்கத்திலாவது அது பௌதிக உலகைத் தொடுகிறது என்று அதில் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றை நேரே அளக்க முடியாமல் வேறொன்றை அளந்து கணிப்பதும் அளவீடாகலாம்.

இப்போது கதவு விண்ணப்பத்துக்கு வாருங்கள். "பழுதுப் பதிவுகளைப் பெறுதல்" என்றால் எங்கிருந்து? விவரணத்தைப் புரட்டினால், அடுக்குமாடியின் செக்யூரிட்டி எழுதிவைக்கும் முறைப்பாட்டுப் புத்தகமும் அதற்குள் அடங்கும். மூன்றாம் மாடிக்காரர் கோபத்தில் ஒரே சிக்கலை நாலு தரம் எழுதியிருப்பார். ஐந்தாம் மாடிக்காரர் படியில் இறங்கிப் போயிருப்பார், எழுதியிருக்கமாட்டார். அந்தப் புத்தகத்தை எண்ணுவது நிர்வாக வேலை. கதவு மோட்டாரின் மின்னோட்டத்தைத் தடவைக்குத் தடவை அளந்து, இறுக்கத்தையும் தடையையும் பிரித்து, அதிலிருந்து வீதம் காண்பது அளவீடு. விடையாக வரும் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். சட்டம் பார்ப்பது அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான பகுதி உண்டு: இயந்திரமே தானாக எழுதும் பதிவுக் கோப்புகள். அவற்றின் பின்னால் எந்த உணரி, எந்தச் சமிக்ஞை இருக்கிறது என்பதைக் கிளெய்மிலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. வாதத்தில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று விட்டவர்கள் கஷ்டப்படுவார்கள்.

அப்படியென்றால் கிளெய்மில் "ஒரு தொழில்நுட்ப அமைப்பின் பழுது வீதம்" என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஐரோப்பிய அலுவலகத்தின் பரிசோதனை வழிகாட்டியிலேயே, "ஒரு தொழில்நுட்ப அமைப்பைக் கட்டுப்படுத்தல்" போன்ற பொதுவான நோக்கம் கணித முறைக்குத் தொழில்நுட்பத் தன்மை தராது என்று இருக்கிறது. நோக்கம் குறிப்பானதாக இருக்கவேண்டும். கணக்கின் உள்ளீடும் வெளியீடும் அந்த நோக்கத்தோடு கட்டப்பட்டிருக்கவேண்டும்.

கிளெய்மை முடிந்தளவு அகலமாக எழுதினால் போட்டியாளர் எவரும் தப்பமுடியாது என்று நினைப்பது இயல்பு. லிஃப்ட், பஸ், நீர்ப்பம்பி எல்லாவற்றையும் அடக்கப்போய், கடைசியில் எதோடும் ஒட்டாத ஒரு வகுத்தல் மட்டும் மிஞ்சும்.

எங்கள் முறை மற்ற முறைகளைவிடத் துல்லியமானது. அதற்குச் சான்றும் இருக்கு. அது போதாதா, சேர்?

(இந்தக் கேள்வி மின்னஞ்சலில் வந்தது. நான் சேர் இல்லை, பரவாயில்லை.)

துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கட்டடத்தில் பராமரிப்பாளர் உருளைகளை அவை சிக்குவதற்கு முன்பே மாற்றிவிடுகிறார் என்று வையுங்கள். அந்த உருளைகள் எப்போது பழுதாகியிருக்கும் என்று தெரியாது. "இவ்வளவு தடவை வரை பழுதாகவில்லை" என்பது மட்டும் தெரியும். அவற்றைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் வீதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். இப்படி இடையில் அறுந்த தரவைச் சேர்த்துக் கணிக்கும் முறைகள் புள்ளியியலில் பழையவை. தேய்மானத்துக்குப் பலரும் பாவிக்கும் வைபுல் பரவலைச் சுவீடன் பொறியியலாளர் வலோடி வைபுல் 1951இல் ஒரு கட்டுரையில் பரவலாக அறியச்செய்தார். உங்கள் முன்னேற்றம் இந்தப் பக்கத்தில் மட்டும் என்றால், நல்ல கணிதம் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு மறுத்துவிடுவார்கள்.

அதே துல்லியம், காலை வெயிலில் சூடாகும் மோட்டாரின் வெப்பநிலையை அளந்து மின்னோட்டத்தைத் திருத்தியதால் வந்தது என்றால் கதை வேறு. எதை உணர்கிறோம், உணர்ந்ததை எப்படித் திருத்துகிறோம் என்பது அளவியல். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விளைவு கிளெய்மின் முழு அகலத்துக்கும் நம்பும்படியாக இருக்கவேண்டும். வெப்பநிலைத் திருத்தம் விவரணத்தில் மட்டும் இருந்து கிளெய்மில் இல்லாவிட்டால், அந்தத் துல்லியத்தைக் காட்டி வாதாட முடியாது. முதல் கிளெய்மில் நடந்ததும் இதுவே.

வீதத்தைத் திரையில் காட்டுகிறோம், தொழில்நுட்பவியலாளர் பார்த்துப் பழுதுபார்க்கிறார். லிஃப்ட் திருந்துகிறதே, அது தொழில்நுட்ப விளைவுதானே?

நடுவில் ஒரு மனிதர் வந்து முடிவெடுக்கிறார். அவர் பார்க்காமல் தேநீர் குடிக்கப் போகலாம், பார்த்தும் நாளைக்கு என்று விடலாம். விளைவு அவருடைய தீர்மானத்தால் வருவதால், உங்கள் முறைக்கும் திருந்திய லிஃப்ட்டுக்கும் இடையே சங்கிலி அறுந்துவிட்டதாகச் சபைகள் கருதும்.

வீதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே கதவின் மூடும் வேகத்தைக் குறைக்கிறது, அல்லது அந்த மாடிக்கு லிஃப்ட் அனுப்புவதை நிறுத்துகிறது என்றால் சங்கிலி அறாது. ஆனால் எல்லா விண்ணப்பத்துக்கும் கடைசியில் ஒரு கட்டுப்பாட்டுப் படி ஒட்டவேண்டும் என்று நினைக்கவேண்டாம். அளவீடே உண்மையான அளவீடாக இருந்தால் அதுவே தாங்கும். ஒரு பக்கத்திலாவது, தொடக்கத்திலோ முடிவிலோ, இரும்பைத் தொடவேண்டும்.

எங்களுடையது லிஃப்ட் இல்லை, சேர்வர். ஏபிஐ அழைப்புகள், அதாவது ஒரு நிரல் இன்னொன்றிடம் கேட்கும் கோரிக்கைகள், தோல்வியடையும் வீதத்தை அளக்கிறோம். அதற்கும் இதே பதிலா?

கிட்டத்தட்ட. கணினி அமைப்பின் உள்ளே நடப்பதை அளந்து, அதை வைத்துச் சுமையை வேறு சேர்வருக்கு மாற்றுவது, மீண்டும் முயலும் இடைவெளியைச் சரிசெய்வது போன்றவை தொழில்நுட்பப் பக்கம் நிற்கும். தோல்வியடைந்த கட்டணங்களை எண்ணி எந்த வாடிக்கையாளரை இழக்கிறோம் என்று பார்ப்பது வணிகப் பக்கம். ஒரே பதிவுக் கோப்பிலிருந்து இரண்டும் வரலாம். முன்னதை எழுதுங்கள்.

அமெரிக்காவில் இதைவிட இலகு என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படி. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலிஸ் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. வெறும் கருத்தைச் சாதாரணக் கணினியில் ஓடவிடுவது போதாது என்றது நீதிமன்றம். 2016இல் எலக்ட்ரிக் பவர் குரூப் வழக்கு வந்தது: மின்வலையமைப்பின் பல இடங்களிலிருந்து தரவு திரட்டி, பகுத்து, காட்டும் கண்காணிப்பு முறை. மின்வலையமைப்பைவிடத் தொழில்நுட்பமான அமைப்பு எது? இருந்தும், திரட்டிப் பகுத்துக் காட்டுவது மட்டும் என்பதால் பெடரல் சேர்க்கிட் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியவை இரண்டு பழைய வழக்குகள். 1978இல் பார்க்கர் எதிர் ஃப்ளூக்: இரசாயன மாற்றம் நடக்கும்போது எச்சரிக்கை மணி எந்த அளவில் அடிக்கவேண்டும் என்பதைச் சூத்திரத்தால் புதுப்பிக்கும் முறை. மறுக்கப்பட்டது. கிடைத்த எண் புதிது, அதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. 1981இல் டயமண்ட் எதிர் டியர்: ரப்பர் அச்சுக்குள் வெப்பநிலையை இடைவிடாமல் அளந்து, வெப்பநிலையோடு இரசாயன மாற்றத்தின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அரேனியஸ் சமன்பாட்டால் நேரம் கணித்து, சரியான நேரத்தில் அச்சைத் திறக்கும் முறை. இது ஏற்கப்பட்டது. இவை இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் மேலே திரை பற்றியும் கதவு வேகம் பற்றியும் சொன்னது அப்படியே தெரியும். 2017இல் தேல்ஸ் வழக்கில், உணரிகளை வழக்கத்துக்கு மாறாகப் பொருத்தி அளந்ததால் பேட்டன்ட் உரிமையாளர் பக்கம் தீர்ப்பு வந்தது.

இலங்கையில் நிலைமை என்ன? இங்கே எடுத்தால் உலகம் முழுக்கச் செல்லுமா?

செல்லாது, உலகப் பேட்டன்ட் என்று ஒன்று இல்லை. இங்கே விண்ணப்பிப்பது கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 62ஆம் பிரிவில், தொழில்நுட்பத் துறையில் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையை நடைமுறையில் தீர்க்கும் எண்ணமே கண்டுபிடிப்பு என்கிறது. கணித முறைகள், வணிக முறைகள், மனதால் மட்டும் செய்பவை அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே முதல் கிளெய்ம் இங்கேயும் அதே இடத்தில்தான் இடறும். அந்த அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்தின் முடிவை எதிர்த்து வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கிருந்து நாட்டின் உச்சமான உயர் நீதிமன்றத்துக்கு.

வெளிநாடு போக நினைத்தால், முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்து அதே முன்னுரிமைத் திகதியைக் கேட்கலாம். பிசிடி, அதாவது பேட்டன்ட் ஒத்துழைப்பு உடன்படிக்கை, வழியாகப் போனால் பெரும்பாலான நாடுகளில் நுழைய 30 மாதம் கிடைக்கும். ஐரோப்பிய அலுவலகம் 31 மாதம் தரும். இலங்கை 1982 முதல் பிசிடியில் இருக்கிறது.

மறுப்புக் கடிதம் கையில். எவ்வளவு காலம் இருக்கு?

ஐரோப்பாவில் முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், நாலு மாதத்துக்குள் காரணங்கள். இரண்டும் ஒரே நாளிலிருந்து ஓடும். இரண்டு முடிந்தபின் நாலு என்று கூட்டவேண்டாம். கட்டணம் கட்டாவிட்டால் அறிவித்தல் கொடுத்ததாகவே கொள்ளமாட்டார்கள். பழைய ஆட்கள் "தபாலுக்குப் பத்து நாள் கூட்டு" என்பார்கள். அந்தப் பத்து நாள் விதி 2023 நவம்பரில் எடுபட்டுவிட்டது.

அமெரிக்காவில் கிளெய்ம்கள் இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தால் மேன்முறையீடு செய்யலாம். அறிவித்தல் கொடுத்து இரண்டு மாதத்தில் எழுத்துவாதம். அங்குள்ள சபையும் கைவிட்டால் பெடரல் சேர்க்கிட் நீதிமன்றத்துக்குப் போக 63 நாள்.

மேன்முறையீட்டில் கிளெய்மைத் திருத்தி மோட்டார் மின்னோட்டத்தைச் சேர்த்துவிடலாம்தானே?

இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஐரோப்பிய உடன்படிக்கையின் 123ஆம் உறுப்புரை: முதல் நாள் தாக்கல் செய்த ஆவணத்திலிருந்து நேராகவும் ஐயமில்லாமலும் கிடைக்காத எதையும் பிறகு சேர்க்க முடியாது. கதவு விண்ணப்பத்தில் அந்த ஒரு பந்தி இருந்ததால் தப்பினார்கள். "மின்னோட்டம் போன்ற ஏதாவது ஓர் அறிகுறி" என்று மட்டும் எழுதியிருந்தால், தடையும் துருவும் மின்னோட்டத்தில் எப்படி வேறுபடும் என்பதை இப்போது சேர்க்க வழியே இல்லை.

மற்றது, சபைகளின் 2020 நடைமுறை விதிகள். மேன்முறையீடு என்பது கீழே எடுத்த முடிவு சரியா என்று பார்ப்பது; விண்ணப்பத்தைப் புதிதாகத் தொடங்கும் இடமாக அதைப் பாவிக்க விடமாட்டார்கள். விண்ணப்பத்தை முதலில் ஆராயும் பரிசோதகர் முன்னிலையில் வைத்திருக்கவேண்டிய திருத்தத்தை மேலே கொண்டுவந்தால் ஏற்க மறுக்கலாம். காரணங்கள் தாக்கல் செய்தபின் கொண்டுவருவதற்கு வாய்ப்பு இன்னும் குறையும். அமர்வுக்கு முன் சபை தன் குறிப்பை எழுதி அனுப்பியபின் மிகவும் விசேடமான காரணம் வேண்டும். ஆகவே பின்வாங்கும் கிளெய்ம்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பரிசோதகரிடமே முன்வையுங்கள். "முதலில் பெரிதாகக் கேட்போம், பிறகு பார்க்கலாம்" என்ற பேரம் புறக்கோட்டைச் சந்தையில் எடுபடலாம், இங்கே எடுபடாது.

பரிசோதகருக்கு எங்கள் கண்டுபிடிப்பு விளங்கவில்லை. அதையே வாதமாக வைக்கலாமா?

வைக்கவேண்டாம். பலருக்கு அந்தக் கோபம் நியாயமாகவே இருக்கிறது, ஆனால் சபைக்கு அது பயன்படாது. வாதம் இந்த வரிசையில் போகவேண்டும்: மிக நெருங்கிய பழைய ஆவணத்திலிருந்து எதில் வேறுபடுகிறோம், அந்த வேறுபாட்டால் எந்தத் தொழில்நுட்ப விளைவு வருகிறது, அதனால் எந்தப் பிரச்சினை தீருகிறது, பழைய ஆவணங்களைப் பார்த்த ஒருவர் ஏன் இதற்கு வந்திருக்கமாட்டார். கதவு விண்ணப்பத்தில் பழைய ஆவணம் மின்னோட்டத்தின் உச்சத்தை மட்டும் பார்த்தது என்று வைத்தால், வேறுபாடு ஏறும் இடமும் ஏறும் விதமும். விளைவு, மனிதத் தடையைப் பழுதாக எண்ணாமல் அளப்பது. இரண்டு பக்கத்தில் முடியும் வாதம் இது.

அமர்வுக்கு ஜேர்மனி போகவேண்டுமா? தோற்றால் அடுத்தது எங்கே?

சபைகள் இருப்பது ஜேர்மனியின் மியூனிக் பகுதியில். காணொளியிலும் அமர்வு நடத்துகிறார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 12.30. ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் விண்ணப்பதாரர் அங்குள்ள தகுதிபெற்ற பிரதிநிதி மூலம்தான் நடவடிக்கை எடுக்கலாம். வழக்கமாக மூன்று பேர் கேட்பார்கள்: இருவர் தொழில்நுட்பம், ஒருவர் சட்டம். பெரும்பாலும் முடிவை அன்றே வாயால் சொல்லிவிடுவார்கள்.

தோற்றால் மேலே வேறு நீதிமன்றம் இல்லை. மீளாய்வு மனு என்று ஒன்று உண்டு. அடிப்படை நடைமுறைத் தவறுக்கு மட்டும். "முடிவு பிழை" என்று அதில் வாதாட முடியாது. ஆனால் மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை விண்ணப்பம் உயிரோடு இருப்பதால், அதிலிருந்து ஒரு பிரிவு விண்ணப்பம், அதாவது அதன் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்த தனி விண்ணப்பம், தாக்கல் செய்யலாம். மின்னோட்டப் பந்தியை மையமாக வைத்து அதைச் செய்வது என்றால் அமர்வு நாளுக்கு முன்பே செய்யுங்கள். மறுப்பு உறுதியானபின் அந்தக் கதவு மூடிவிடும், திரும்பத் திறக்காது.

பல்கலைக்கழகக் கண்காட்சியில் ஏற்கனவே காட்டிவிட்டோம். இனி விண்ணப்பிக்கலாமா?

கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு அமெரிக்கா ஒரு வருட அவகாசம் தரும். ஐரோப்பா தராது, அங்குள்ள ஆறு மாத விதிவிலக்கு, நம்பிக்கை மோசடியால் வெளியானதற்கும் அங்கீகரிக்கப்பட்ட சில சர்வதேசக் கண்காட்சிகளுக்கும் மட்டும். ஆனால் காட்டியது என்ன என்று பாருங்கள். லிஃப்ட் கதவும் திரையில் ஓர் எண்ணும் மட்டும் தெரிந்திருந்தால், மின்னோட்டத்தைப் பிரிக்கும் முறை இன்னும் வெளியாகாமல் இருக்கலாம். சுவரொட்டியில் வரைபடத்தோடு விளக்கியிருந்தாலோ, ஆய்வேடு நூலகத்தில் யாரும் எடுத்து வாசிக்கும்படி இருந்தாலோ, ஐரோப்பாவை விட்டுவிடவேண்டியதுதான்.

இவ்வளவு பாடா? ரகசியமாக வைத்திருந்தால் என்ன?

சில நேரம் அதுதான் சரி. வெளியிடாத தகவலுக்கு நம் சட்டத்தின் 160ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு, நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. கணிப்பு முழுக்க உங்கள் சேர்வரில் நடந்து, விடை மட்டும் வெளியே போகிறது என்றால் ரகசியம் நிலைக்கலாம். கதவு மோட்டாரில் ஓர் உணரியைப் பூட்டி விற்கிறீர்கள் என்றால், போட்டியாளர் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்ப்பார். இதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவுசெய்யுங்கள், அல்லது விண்ணப்பித்தபின் 18 மாதத்தில் அது பிரசுரமாவதற்கு முன் வாபஸ் வாங்குங்கள். பிரசுரத்துக்கான ஆயத்தங்கள் அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும், ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்கவேண்டாம்.